உதிர்ந்த மான்கொம்பு பொறுக்குவது எப்படி? விஸ்கான்சின் காடுகளில் நடந்து கற்றுக்கொண்ட முழு வழிகாட்டி

என் முதல் மான்கொம்பு கண்ணில் படவில்லை, காலில்தான் பட்டது. மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரத்துக்கு மேற்கே ஒரு மணிநேரம் வண்டி ஓட்டினால் வரும் ஒரு பண்ணையின் பின்பக்கம், ஓக் காடு. பனி உருகி, போன வருஷத்து இலையெல்லாம் நனைந்த அப்பளம் மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. செல்போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தவன் காலுக்கடியில் ஏதோ உருண்டது. குச்சி என்று எட்டி உதைக்கப் போய், குனிந்து பார்த்தால் நான்கு முனையோடு ஒரு கொம்பு. அரைமணி நேரம் முன்னால் அதே வழியாகத்தான் மேலே ஏறிப் போயிருந்தேன். என் பூட்ஸ் தடம் அதிலிருந்து இரண்டடி தள்ளி ஈர மண்ணில் பளிச்சென்று இருந்தது.

அதற்கப்புறம் ஏழு வசந்தம் நடந்துவிட்டேன். இப்போதும் வெறுங்கையோடு திரும்பும் நாட்கள்தான் அதிகம், ஆனால் ஏன் வெறுங்கை என்பது இப்போது தெரிகிறது. புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான்: கொம்பைத் தேடுகிறார்கள். கொம்பு நகராது, சத்தம் போடாது, வாசனை நமக்கு எட்டாது, அதை நேரடியாகத் தேடினால் வைக்கோல் போரில் ஊசி கதைதான். தேட வேண்டியது பிப்ரவரி மாதத்து மானை. அது அந்தக் குளிரில் எதைத் தின்றது, எங்கே படுத்தது, இரண்டுக்கும் நடுவில் எந்த வழியாக நடந்தது என்று தெரிந்தால் கொம்பு அந்த மூன்றில் ஒன்றில் கிடக்கும். கீழே எழுதியிருப்பது முழுக்க இதன் விரிவுதான்.

முதலில், கொம்பு ஏன் விழுகிறது

தமிழில் மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், ஆனால் இரண்டும் வேறு வேறு பொருள். மாட்டுக் கொம்பும் ஆட்டுக் கொம்பும் நம் நகத்தில் இருக்கும் கெரட்டின் உறை, உள்ளே எலும்புத் தண்டு, வாழ்நாள் முழுக்க இருக்கும். நம்மூர் வெளிமானின் முறுக்குக் கொம்பும் இந்த வகைதான், உதிராது. சிலம்பப் பயிற்சியில் எடுக்கிற பழைய மான்கொம்பு ஆயுதம் அதில் செய்ததுதான். புள்ளிமான், மிளா, இங்கே இருக்கிற வெள்ளைவால் மான், எல்க் என்கிற பெரிய மான் இவற்றுக்கெல்லாம் கிளைவிடும் கொம்பு. அது முழு எலும்பு. வருஷா வருஷம் முளைத்து, வளர்ந்து, விழுந்துவிடும்.

வெள்ளைவால் மானுக்கு வசந்தத்தில் தலையில் இருக்கும் இரண்டு முளைகளிலிருந்து கொம்பு கிளம்பும். கோடை முழுக்க அதன்மேல் ரத்தக் குழாய் ஓடும் மெத்தென்ற தோல் போர்த்தியிருக்கும், தொட்டால் சூடாக இருக்கும் என்கிறார்கள். பாலூட்டிகளின் உடம்பில் இவ்வளவு வேகமாக வளரும் எலும்பு வேறு இல்லை. எல்க் கொம்பு உச்ச காலத்தில் ஒரே நாளில் ஒரு அங்குலம் வரைகூட வளரும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதியில் உள்ளே எலும்பு இறுகி, ரத்த ஓட்டம் நின்று, தோல் காய்ந்து கிழிந்துவிடும், மான் மரத்தில் தேய்த்துத் தேய்த்து அதை உரித்துப் போடும். நவம்பரில் இணைசேரும் பருவம், சண்டை. அது முடிந்ததும் ஆண் ஹார்மோன் குறையும், கொம்பும் முளையும் சேரும் இடத்தில் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலையைத் தொடங்கும். சில வாரம் முன்னால் இன்னொரு மானைத் தள்ளிச் சாய்த்த அதே கொம்பு, இப்போது ஒரு வேலியைத் தாண்டிக் குதித்தால் கழன்று விழுந்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் விழ வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரு பக்கம் மட்டும் கொம்போடு இரண்டு மூன்று நாள் சுற்றும் மான்களைக் காட்டுக் கேமராவில் பார்க்கலாம், பார்க்கச் சற்றுப் பாவமாக இருக்கும்.

எப்போது போவது

விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் கொம்பு விழுவது டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நீளும். காயம்பட்டது, மெலிந்தது முதலில் போடும். தின்னத் தாராளமாகக் கிடைத்த ஆரோக்கியமான மான் மார்ச் நடுவரைகூட வைத்திருக்கும். அதனால் ஜனவரியிலேயே ஒரு யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதி மான் இன்னும் கொம்போடு நின்றுகொண்டிருக்கும், நீங்கள் அதை விரட்டிப் பக்கத்து நிலத்துக்கு அனுப்பிவிடுவீர்கள், அது அங்கே போய்க் கொம்பைப் போடும். இது எனக்கு நடந்தது, இரண்டாவது சீசனில்.

விரட்டுவதில் இதைவிடப் பெரிய விஷயமும் இருக்கிறது. பிப்ரவரியில் மான் உயிரோடு இருப்பதே இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பில்தான். ஆழமான பனியில் ஒவ்வொரு முறை பயந்து ஓடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகிறது. ஆண் மானுக்கு இணைசேரும் பருவத்திலேயே கால்வாசி உடம்பு வரை கரைந்திருக்கும், பெண் மானுக்கு வயிற்றில் குட்டி. முழங்கால் அளவு பனி இருக்கும்வரை காட்டுக்குள் போகாதீர்கள், ரோட்டிலிருந்து பைனாகுலரில் பாருங்கள், போதும்.

என் கணக்கு: மார்ச் இரண்டாம் வாரத்திலிருந்து ஏப்ரல் இரண்டாம் வாரம் வரை. பனி போயிருக்க வேண்டும், புல் இன்னும் எழும்பியிருக்கக் கூடாது. இந்த இடைவெளி சில வருஷம் ஐந்து வாரம் கிடைக்கும், சில வருஷம் பத்தே நாள்தான். தாமதித்தால் புல் மட்டுமில்லை, போட்டியும் இருக்கிறது: எலி, அணில், முள்ளம்பன்றி எல்லாம் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் கொம்பைக் கடித்துத் தின்னும். ஒரு வருஷம் விட்டால் முனைகள் காணாமல் போய், உளியால் செதுக்கின மாதிரி இணை இணையான பல்தடங்களோடு ஒரு கட்டை மட்டும் கிடைக்கும்.

யார் நிலம், என்ன சட்டம்

இதை அலுப்பாக நினைத்துத் தாண்டிப் போகாதீர்கள். விஸ்கான்சினில் உதிர்ந்த கொம்பை எடுக்க லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் கொம்பு மண்டையோட்டோடு ஒட்டியிருந்தால் அது உதிர்ந்த கொம்பு இல்லை, செத்த மான். அதைத் தொடாமல், போட்டோ எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநில இயற்கை வளத் துறையின் வார்டனைக் கூப்பிட்டு அனுமதி கேளுங்கள். இங்கே 2002ஆம் ஆண்டு முதல் மான்களுக்கு மூளையைத் தாக்கும் ஒரு நோய் இருக்கிறது, தென்மேற்கு மாவட்டங்களில் அதிகம். அதனால் மூளைத் திசு ஒட்டிய மண்டையோட்டை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போவதில் கட்டுப்பாடு உண்டு. சுத்தமாக உதிர்ந்த கொம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தேசியப் பூங்காக்களில் எடுப்பது குற்றம், ஒரு சின்ன முனையைக்கூட. யெல்லோஸ்டோனில் பார்த்தால் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். தேசிய வனவிலங்குப் புகலிடங்களிலும் பொதுவாகத் தடைதான். மாநிலப் பூங்கா, மாவட்டக் காடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கும், அந்த அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் இரண்டு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள்.

மேற்கு மாநிலங்களில் கதையே வேறு. அங்கே எல்க் கொம்புக்கு எடைக்கு எடை காசு உண்டு, நாய் கடிக்கும் துண்டாகவும் கத்திப் பிடியாகவும் விற்கிறது. காசு வந்ததும் கூட்டம் வந்தது, கூட்டம் குளிர்காலத்தில் மான்களை விரட்டத் தொடங்கியது, அப்புறம் சட்டம் வந்தது. கொலராடோவில் 25ஆம் நெடுஞ்சாலைக்கு மேற்கே பொது நிலத்தில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை எடுக்கக் கூடாது. வயோமிங்கின் மேற்குப் பகுதியிலும் அதே காலத்துக்குத் தடை. மே 1 காலை திறக்கும்போது ஜாக்சன் ஊரின் ஓரத்தில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும், வெளி மாநிலத்துக்காரர்கள் அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளே போக முடியும். அங்கே 1912இல் தொடங்கிய தேசிய எல்க் புகலிடம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் எல்க் வந்து தங்கிக் கொம்பைப் போட்டுவிட்டுப் போகும். அதைப் பொறுக்க அனுமதி உள்ளூர் சாரணர் சிறுவர்களுக்குத்தான், அவர்கள் மே மாதம் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுவார்கள், பணத்தில் பெரும்பகுதி புகலிடத்துக்கே திரும்பிப் போகும். அந்தச் சதுக்கத்தின் நான்கு மூலையிலும் கொம்புகளாலேயே கட்டிய வளைவுகள் உண்டு. கொம்பு பொறுக்குகிறவர்கள் ஒருமுறையாவது போய் நிற்க வேண்டிய இடம்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதை முதுமலையிலோ களக்காட்டிலோ முயற்சி செய்யாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தானாக உதிர்ந்த கொம்பாக இருந்தாலும் எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம். இங்கே கிடைத்ததைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம், விமான நிலையச் சுங்கத்தில் நின்று எந்த மானின் கொம்பு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பண்ணைக்காரர் கதவைத் தட்டுவது

நல்ல கொம்பெல்லாம் தனியார் நிலத்தில்தான் கிடக்கிறது, ஏனென்றால் நல்ல தீனி அங்கேதான். விஸ்கான்சினில் போர்டு வைக்கவில்லை என்றாலும் அடுத்தவர் நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்தால் அத்துமீறல்தான். ஆன்எக்ஸ் மாதிரி ஒரு செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், எல்லைக்கோடும் உரிமையாளர் பெயரும் காட்டும். நான் ஒருமுறை எல்லையைத் தாண்டி நாற்பதடி உள்ளே போய்விட்டு, நான்கு சக்கர மோட்டாரில் வந்த ஒரு பெரியவரிடம் பத்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான்.

வேட்டைக்கு அனுமதி கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முடியாது என்பார்கள். கொம்புக்குக் கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள், அதற்குக் காரணம் டிராக்டர் டயர். வயலில் முனை மேலே பார்த்துக் கிடக்கும் கொம்பு டயரைக் குத்திக் கிழித்துவிடும், அந்த டயரின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பகலில், பால் கறக்கும் நேரம் தவிர்த்து, வண்டியை வாசலில் தெரியும்படி நிறுத்தி, போய்க் கதவைத் தட்டுங்கள். "வயல்லே கிடக்கிற கொம்பையெல்லாம் பொறுக்கித் தந்துடறேன், உங்களுக்குப் பிடிச்சதை நீங்க எடுத்துக்கலாம்" என்கிற பொருள்படச் சொல்லுங்கள். துப்பாக்கி இல்லை, நாய் இல்லை, நான் ஒருத்தன்தான் என்று சொல்லுங்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். சேற்று நேரத்தில் குதிரைமசால் வயலுக்கு நடுவே நடக்காதீர்கள். என் வீட்டிலிருந்து போகும் ஒரு டப்பா முறுக்கு மூன்று வருஷமாக ஒரு கேட்டைத் திறந்து வைத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேப்பில் ஒரு ராத்திரி

காட்டில் பத்து மைல் நடப்பதைவிட வீட்டில் இரண்டு மணிநேரம் செயற்கைக்கோள் படம் பார்ப்பது லாபம். தென்மேற்கு விஸ்கான்சினில் பனியுகத்தில் பனியாறு படியாத ஒரு பகுதி இருக்கிறது, அதனால் வடக்கில் மாதிரி தட்டையாக இல்லாமல் முகடும் பள்ளமுமாக மடிந்து மடிந்து கிடக்கும். முகட்டில் மக்காச்சோளம், சோயா. சரிவில் ஓக். பள்ளத்தில் ஓடை. இப்படிப்பட்ட நிலத்தில் மான் தங்கும் இடத்தை ஊகிப்பது சுலபம்.

முதலில் தீனி. அறுக்காமல் நிற்கும் சோளக்கொல்லை பிப்ரவரியில் தங்கம். அடுத்து சோயா, அறுத்த சோளத்தாள், குளிர்காலக் கோதுமை, குதிரைமசால். எது எந்த வயலில் என்று மேப் சொல்லாது, டிசம்பரில் ஒருமுறை வண்டியில் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். அப்புறம் அந்த வயலிலிருந்து அரை மைலுக்குள் தெற்குப் பார்த்த சரிவு எங்கே என்று தேடுங்கள். குளிர்காலச் சூரியன் தெற்கில் தாழ்வாகப் போகிறது, அதனால் தெற்குச் சரிவில் வெயில் நேராக விழுந்து பனி முதலில் உருகும். வடமேற்குக் காற்றை முகடு தடுத்துவிடும். மான் சரிவின் மேல் மூன்றில் ஒரு பங்கில், முகட்டுக்குச் சற்றுக் கீழே படுத்துக்கொண்டு, பின்னாலிருந்து வருவதை மூக்காலும் கீழேயிருந்து வருவதைக் கண்ணாலும் பார்த்துக்கொள்ளும். சமவெளியில் இந்த வேலையைப் பைன், சிடார் தோப்புகள் செய்கின்றன.

இந்த இரண்டையும் குறித்தபின் நடுவில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் எங்கெல்லாம் வேலி, ஓடை, கரை வருகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள். மான் குதிக்கும், இறங்கும்போது தலை குலுங்கும், தளர்ந்த கொம்பு கழன்றுவிடும்.

பையில் என்ன

தண்ணீர், பைனாகுலர் (8க்கு 42 போதும்), ரப்பர் பூட்ஸ், கனமான கால்சட்டை, சார்ஜ் ஏற்றின பவர் பேங்க், ஒரு பென்சில். பென்சில் எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன். காட்டு ரோஜாப் புதரும் செங்கரும்பு நிறத்தில் வளைந்து நிற்கும் முட்கொடிகளும் ஜீன்ஸைக் கந்தலாக்கிவிடும், அதனால் கால்சட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம். மற்றதெல்லாம் விற்பவர்கள் சொல்வது.

நடக்கும் விதம்

முதல் வேலை, வயலின் ஓரம். உள்ளே நுழையாமல் ஓரமாக நின்று பைனாகுலரில் வயலைக் கோடு கோடாகப் பார்த்து முடியுங்கள். அறுத்த சோளத்தாளுக்கு நடுவே கொம்பு கிடந்தால் தாள் நேராக நிற்கும், கொம்பு வளைந்து கிடக்கும், கண் அந்த வளைவில் நிற்கும். பிறகு வயலிலிருந்து காட்டுக்குள் போகும் மான்தடத்தைப் பிடியுங்கள். குளிர்காலத் தடம் தெரியாமல் போக வாய்ப்பே இல்லை, இலையெல்லாம் கரைந்து கறுத்து மாட்டுவண்டிப் பாதை மாதிரி இருக்கும், புழுக்கை குவியல் குவியலாகக் கிடக்கும். புழுக்கை எங்கே அதிகமோ அங்கே மான் அதிக நேரம் நின்றிருக்கிறது, நீங்களும் அங்கே அதிக நேரம் நில்லுங்கள். புழுக்கையே இல்லாத அழகான காடு நிறைய இருக்கும். அதில் நடப்பது உடம்புக்கு நல்லது, கொம்புக்கு இல்லை.

தடம் சரிவில் ஏறி ஒரு கட்டத்தில் சிதறிக் காணாமல் போகும். அங்கேதான் படுக்கை. இலைமேல் முட்டை வடிவத்தில் அழுந்தின குழி, உள்ளே சாம்பல் நிற முடி ஒட்டியிருக்கும். சின்னதும் பெரிதுமாக நாலைந்து குழி சேர்ந்திருந்தால் பெண் மானும் குட்டிகளும். கிட்டத்தட்ட நாலடி நீளத்தில் ஒற்றைக் குழி, பின்னால் விழுந்த மரம், முன்னால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது என்றால் பெரிய ஆண் மான். அந்தக் குழியில் நீங்களே குந்தி உட்கார்ந்து பாருங்கள், அது என்ன பார்த்தது என்று தெரியும், அடுத்த படுக்கை எங்கே இருக்கும் என்பதும் தெரியும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று முடிவு செய்தாள், ஆனால் எனக்குக் கிடைத்ததில் பெரியது அப்படி உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டடி தூரத்தில்தான் கிடந்தது.

படுக்கைப் பகுதி வந்ததும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சரிவின் குறுக்கே போய், பத்துப் பன்னிரண்டு அடி கீழே இறங்கி, திரும்பி வாருங்கள், ஏர் உழுகிற மாதிரி. ஒவ்வொரு முப்பதடிக்கும் நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். மேலே ஏறும்போது தெரியாத கொம்பு கீழே இறங்கும்போது தெரியும், கிழக்கிலிருந்து தெரியாதது மேற்கிலிருந்து தெரியும். என் பூட்ஸ் தடக் கதையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மானைப் பார்த்தால், குறிப்பாகக் கொம்போடு பார்த்தால், அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பத்து நாள் கழித்துப் போங்கள்.

கண்ணைப் பழக்குவது

கற்றுக்கொடுக்கக் கஷ்டமான பகுதி இது. மனசில் நாம் வைத்திருக்கும் படம் சுவரில் மாட்டின கொம்பு. காட்டில் அது அப்படித் தெரியாது. இலைக்கு மேலே ஒரு விரல் நீளம் வெள்ளை முனை, அல்லது ஒரு வளைவு, அல்லது அடிப்பகுதியின் வட்டம் மட்டும், அவ்வளவுதான் தெரியும். மற்ற மூன்று பங்கு இலைக்கு அடியில். ஆகவே முழுக் கொம்பைத் தேடாமல், தேய்த்து மெருகேற்றின மாதிரி வழுவழுப்பாக இருக்கும் எதையும் தேடுங்கள். குச்சிக்குப் பட்டை உண்டு, கணு உண்டு, முனை முறிந்திருக்கும். கொம்பின் முனை ஊசி மாதிரி மழுங்காமல் முடியும், நிறம் தந்தத்துக்கும் வெந்தயத்துக்கும் இடையில் இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி: ஒரு கொம்பை வாங்கியோ கடன் வாங்கியோ, வேறு யாரையாவது விட்டுக் கொல்லைப்புறத்தில் வீசச் சொல்லுங்கள். அப்புறம் நின்ற இடத்திலிருந்தே தேடுங்கள். இதை எனக்காகச் செய்வது என் மகள். அவளுக்கு ஒன்பது வயது, தரைக்குப் பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ, காட்டில் என்னைவிட அவள்தான் முதலில் பார்க்கிறாள். "அப்பா, நீங்க மரத்தையே பாக்கறீங்க" என்பாள், உண்மைதான்.

வானிலையும் பார்க்க வேண்டும். பளீரென்ற வெயிலில் காட்டுத் தரை முழுக்கக் கிளைகளின் நிழல், ஒவ்வொரு நிழலும் ஒரு கொம்பு. மேகமூட்டமான நாள்தான் நல்லது, அதிலும் லேசான மழை பெய்து நின்ற மறுமணிநேரம். இலை நனைந்து கறுத்துவிடும், கொம்பு நனைந்து மின்னும். அந்த ஒரு மணிநேரத்துக்காக ஆபீஸில் அரைநாள் லீவு போட்டிருக்கிறேன், வெட்கமில்லை.

ஒன்று கிடைத்தால்

உடனே எடுக்காதீர்கள். கிடக்கும்படியே போட்டோ எடுத்து, செயலியில் இடத்தைக் குறியுங்கள். பிறகு கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். மணிமணியாக, கல்லுப்பு ஒட்டின மாதிரி ஒரு வளையம், அதற்குக் கீழே முளையிலிருந்து பிரிந்த சொரசொரப்பான தளம். அந்தத் தளத்தில் மங்கிய ரத்தச் சிவப்பு இருந்தால் விழுந்து சில நாள்தான் ஆகிறது. தண்டு பழுப்பாகப் பளபளத்தால் இந்த வருஷத்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, வெடிப்பு விட்டு, பாசி ஏறியிருந்தால் போன வருஷமோ அதற்கு முன்னதோ.

இந்த வருஷத்தது என்றால் அதே மானின் இன்னொரு பக்கக் கொம்பும் அருகில் இருக்க வாய்ப்புண்டு. கிடைத்த இடத்தை நடுவாக வைத்துச் சுருள் மாதிரி வட்டம் வட்டமாக விரிந்து போங்கள், நூறு கஜம் வரை. அதற்குமேல் வட்டம் வேலைக்காகாது, மறுபடி தடத்தைப் பிடித்துப் படுக்கைக்கும் தீனிக்கும் இடையில் நடக்க வேண்டியதுதான். வெள்ளைவால் மான் வருஷம் முழுக்கப் பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு சதுர மைலுக்குள் இருந்துவிடும், குளிர்காலத்தில் இன்னும் குறைவான இடத்தில். உயிரோடு இருந்தால் அடுத்த வருஷமும் அதே சரிவில், இன்னும் பெரிய கொம்பைப் போடக்கூடும். ஆனால் கொம்பின் முனைகளை எண்ணி வயது சொல்ல முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முனை எண்ணிக்கை தீனியையும் பரம்பரையையும் சேர்த்துச் சொல்வது, வயதுக்குப் பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

முள்கம்பியோ வலையோ கட்டி, உள்ளே சோளத்தைக் கொட்டி, மான் தின்ன வரும்போது கொம்பு மாட்டிக் கழன்று விழச் செய்கிற பொறிகளைச் சிலர் வைக்கிறார்கள். ஒரு பொது நிலத்தில் ஒன்றைப் பார்த்தேன். தளராத கொம்பு அதில் சிக்கினால் மான் அங்கேயே இழுத்து இழுத்துச் சாகும். பார்த்தால் வார்டனிடம் சொல்லிவிடுங்கள்.

உண்ணி, வான்கோழி வேட்டை

மார்ச் குளிரில் உண்ணி இருக்காது என்று நினைக்கிறோம். மான் உண்ணி வெப்பம் நான்கு டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே எழுந்து புல் நுனியில் காத்திருக்கும், விஸ்கான்சினில் லைம் நோய் அதிகம். வசந்தத்தில் வரும் வளர்ந்த உண்ணி எள் அளவு, மே, ஜூனில் வரும் குட்டி கசகசா அளவு. கால்சட்டையைக் காலுறைக்குள் சொருகுங்கள். துணிக்கு பெர்மெத்ரின் என்கிற பூச்சிமருந்தை முந்தின நாளே அடித்துக் காயவிடுங்கள், உடம்பில் அடிக்கக் கூடாது, வீட்டில் பூனை இருந்தால் ஈரமாக இருக்கும்போது அதை அண்டவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் குளித்து, முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்பக்கம் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி வைத்தியமெல்லாம் வேண்டாம்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் இங்கே வான்கோழி வேட்டை தொடங்கும். அப்போது சிவப்பு, வெள்ளை, நீலம் எதுவும் உடம்பில் வேண்டாம், ஆண் வான்கோழியின் தலை அந்த நிறங்கள்தான், புதருக்குள் குனிந்து கொம்பு பொறுக்குகிற உங்களை யாராவது தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஆரஞ்சு நிறத் தொப்பி போடுங்கள். அதற்குள் புல்லும் எழும்பிவிடும், நான் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

வீட்டுக்கு வந்தபின்

மண்ணை வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல்துலக்கியும் வைத்துக் கழுவி நிழலில் காயவிடுங்கள். ப்ளீச் போட்டால் நிறம் போய்விடும், வார்னிஷ் அடித்தால் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். வெயில் படும் ஜன்னலில் வைத்தால் வெளுக்கும். கொல்லையில் வைத்தால் அணில் எடுத்துக்கொண்டு போகும், எங்கள் வீட்டு அணில் ஒன்று போர்ட்டிகோவில் வைத்ததை ஒரு மாதத்தில் முனை முனையாகத் தீர்த்தது.

இப்போது பென்சில். அடிப்பகுதியின் சொரசொரப்பான தளத்தில் தேதியையும், நீங்கள் அந்த இடத்துக்கு வைத்திருக்கும் பெயரையும், எந்தப் பக்கக் கொம்பு என்பதையும் எழுதிவிடுங்கள். பேனா ஊறிப் பரவும், பென்சில் நிற்கும். மூன்று வருஷம் முன்னால் கிடைத்த ஒரு வலது கொம்பில் "மார்ச் 26, இரட்டை ஓக்" என்று எழுதி வைத்திருந்தேன். போன வருஷம் இரட்டை ஓக்கிலிருந்து ஓடைக்கு இறங்கும் வழியில், விழுந்த முள்கம்பிக்கு அடியில், பாசி பிடித்து, இரண்டு முனை கடிபட்ட ஒரு இடது கொம்பு கிடைத்தது. கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். அடி வளையம் ஒரே அகலம், முதல் கிளை உள்பக்கம் திரும்பும் அதே சின்னக் கோணல். அதன் அடியிலும் எழுதிவிட்டேன்.